ஜிக் துல்லியத்தைப் படைப்பதில்லை

தச்சுவேலை ஜிக்குகளைப் பற்றிய விவாதம் நெடுங்காலமாக இரண்டு அணிகளாகவே நடந்துவருகிறது. ஓர் அணி விளம்பர ஏடுகளில் அச்சிடப்படும் 0.001 அங்குலத்தை வேதவாக்காகக் கொள்கிறது; ஜிக்கை வாங்கினால் துல்லியமும் கூடவே வந்துசேரும் என்கிறது. மற்ற அணி, ஜிக் கைத்திறனைக் கொன்றுவிட்டது என்று ஒப்பாரி வைக்கிறது. இரண்டும் ஒரே பிழையிலிருந்து பிறந்தவை. துல்லியம் அந்தப் பொருளுக்குள் குடியிருக்கிறது என்று இரு அணிகளுமே நம்புகின்றன.

ஜிக் எதையும் அறுப்பதில்லை, அளப்பதுமில்லை. ரம்பமோ துளையிடும் அலகோ எந்தக் கோணத்தில், எந்த இடத்தில் செல்ல வேண்டும் என்பதை ஒருமுறை தீர்மானித்து, அதே தீர்மானத்தை ஒவ்வொரு முறையும் திரும்பச் செய்யவைக்கும் சட்டம் அது. அளவியல் பயின்றோர் இவ்விடத்தில் ஐ.எஸ்.ஓ. 5725 வகுக்கும் வேறுபாட்டை நினைவுகூர வேண்டும். உண்மையான மதிப்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது ஒன்று. திரும்பத் திரும்பச் செய்யும்போது முடிவுகள் தமக்குள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பது வேறொன்று. இவை இரண்டும் சேர்ந்ததே துல்லியம். ஜிக் உறுதியளிப்பது இரண்டாவதை மட்டுமே. 0.1 பாகை பிசகிய ஜிக், நூறு பலகைகளையும் அதே 0.1 பாகைப் பிசகோடு, சிறிதும் மாறாமல் அறுத்துத்தரும். 600 மில்லிமீட்டர் நீள வெட்டில் அந்தப் பிசகு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். அலமாரியின் கதவு பொருந்தாமல் நிற்க அது போதும்.

இந்தப் பிசகைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மேசை ரம்பத்தில் ஒரு பலகையின் நான்கு விளிம்புகளையும், ஒவ்வொரு முறையும் புதிதாக அறுத்த விளிம்பைத் தடுப்புச் சட்டத்தில் பொருத்திக்கொண்டு, வரிசையாக அறுக்க வேண்டும். ஐந்தாம் முறை, முதலில் அறுத்த விளிம்பிலிருந்தே ஒரு மெல்லிய பட்டையை அறுத்தெடுத்து, அதன் இரு முனைகளின் அகலத்தையும் அளந்தால், கோணப் பிழை நான்கு மடங்காகப் பெருகிக் கண்முன் நிற்கும். மூலைமட்டத்துக்குச் சோதனை இன்னும் எளிது: ஒரு கோடு கீறி, மட்டத்தைப் புரட்டிவைத்து அதே புள்ளியிலிருந்து மறுபடி கீறினால், இரு கோடுகளும் விலகும் அளவு பிழையின் இருமடங்கு. இத்தகைய சோதனையைச் செய்யாமல் ஜிக்கை நம்பும் பட்டறை, துல்லியத்தை அல்ல, நம்பிக்கையையே விலைகொடுத்து வாங்கியிருக்கிறது.

மரத்தின் இயல்பும் கணக்கில் வர வேண்டும். தேக்கு நிலைத்த தன்மைக்குப் பேர்போனது. எனினும் பச்சை நிலையிலிருந்து முற்றிலும் உலர்ந்த நிலைக்கு வரும்போது, வளர்வளையங்களின் போக்கில் அது ஏறத்தாழ 5.8 விழுக்காடு சுருங்கும். அவ்வாறு அறுக்கப்பட்ட 300 மில்லிமீட்டர் அகலப் பலகையில், கோடைக்கும் மழைக்காலத்துக்கும் இடையே ஈரப்பதம் 4 விழுக்காட்டுப் புள்ளிகள் மாறினாலே அகலம் 2 மில்லிமீட்டருக்கு மேல் மாறிவிடும். விளம்பரம் பெருமையடிக்கும் 0.001 அங்குலம் என்பது 0.025 மில்லிமீட்டர். மூட்டின் இரு பாதிகளும் ஒட்டும் நேரத்தில் ஒன்றோடொன்று இறுகப் பொருந்த வேண்டும் என்பது மெய்யே. அங்கே ஜிக்கின் ஒருமை பயன்படுகிறது. ஆனால் முழுப் பொருளுக்கும் அந்த எண்ணைப் பொருத்திக் காட்டுவது வணிகத் தந்திரம்.

கைத்திறன் அணியின் புலம்பலுக்கு டேவிட் பை 1968இலேயே விடை தந்துவிட்டார். கணந்தோறும் பொருள் கெட்டுப்போகக்கூடிய வேலை என்றும், விளைவு முன்கூட்டியே உறுதிசெய்யப்பட்ட வேலை என்றும் வேலைத்திறனை அவர் பிரித்தார். அந்த முதல்வகை வேலையிலும் கைவினைஞர் அச்சுகளையும் வழிகாட்டிகளையும் கொண்டு ஆபத்தைக் குறைத்தே வந்திருக்கின்றனர் என்பதை அவர் மறைக்கவில்லை. பட்டறையில் மிஞ்சிய ஒட்டுப்பலகையில் இரண்டு சட்டங்களை ஆணியடித்து, அன்றைய வேலைக்கு வேண்டிய ஜிக்கைத் தாமே செய்துகொள்ளும் தச்சர் திறனை இழந்தவர் அல்லர். திறனைப் பொருளாக்கி வைத்தவர்.

கல்விப்புலம் பதில்சொல்ல வேண்டிய இடம் இதுவே. மைக்கேல் போலன்யி 1966இல் விரித்துரைத்த சொல்லப்படாத அறிவு என்னும் கருத்து, இன்று தச்சரின் அறிவைப் பற்றி எழுதாமலிருக்க வசதியான சாக்காகிவிட்டது. அவர் செய்த ஜிக்கில் எது ஆதாரப் பரப்பு, எது கோணம், எங்கே நிறுத்தம் என அனைத்தும் வெளிப்படையாகவே இருக்கின்றன. அது படிக்கத்தக்க ஆவணம். அதைப் படிக்கத் தெரியாதவர்கள் அதற்கு ‘சொல்லப்படாதது’ என்று பெயர்சூட்டிவிட்டு, கடையில் கிடைக்கும் ஜிக்குக்குக் கொள்முதல் ஆணை எழுதுகிறார்கள்.

பணக் கணக்கும் இதையே சொல்கிறது. 2023இல் தொடங்கப்பட்ட பிரதமர் விஸ்வகர்மா திட்டம், தச்சர் உள்ளிட்ட 18 தொழில்களைச் சேர்ந்தோருக்குக் கருவிகள் வாங்க 15,000 ரூபாய் வரை தருகிறது. வெளிநாட்டுப் பெரிய புறாவால் மூட்டு ஜிக்குகள் சிலவற்றின் விலை 500 டாலருக்கு மேல். ஒரு தச்சருக்கு முழுக் கருவித்தொகையாக அரசு மதிப்பிடும் தொகையைப் போல இருமடங்குக்கும் மேலான விலையில், ஒரேயொரு மூட்டுக்கான சட்டத்தை மாணவர் பட்டறைக்கு வாங்குவது எந்த நியாயத்தில் சேரும்? நானூறு இழுப்பறை செய்யும் தொழிற்சாலைக்கு அந்த விலை சில நாட்களில் ஈடாகும். ஆண்டுக்கு நான்கு இழுப்பறை செய்யும் பட்டறையில் அதைப் பொருத்திச் சரிசெய்யும் நேரமே கையால் அறுக்கும் நேரத்தை விழுங்கிவிடும்.

ஆகவே ஜிக் வாங்கத் தகுந்ததா என்னும் கேள்விக்கு விடை மூன்று நிபந்தனைகளில் இருக்கிறது. அதே வெட்டு மிகப் பல முறை வேண்டும். பிழையைச் சோதித்துத் திருத்த வழி இருக்க வேண்டும். சோதிக்கத் தெரிந்தவர் பட்டறையில் இருக்க வேண்டும். மூன்றாவது இல்லையெனில் முதலிரண்டும் வீண். அந்த மூன்றாமவர் பல நிறுவனங்களின் பதிவேட்டில் ‘உதவியாளர்’ என்ற பெயரில், ஆசிரியர் தகுதியின்றி ஏற்கெனவே இருக்கிறார். ஜிக்குக்கு ஒதுக்கிய தொகை முதலில் அவருடைய ஊதியத்துக்குப் போகட்டும்.