ரப்பர்க் காயில் ஓர் ஆய்த எழுத்து

மலேசியாவின் கெடா மாநிலத்தில் வளரும் ஒரு தமிழ்க் குழந்தை வீட்டு வாசலைத் தாண்டினால் அதன் கண்ணில் படுவது என்ன எழுத்து? கடைப் பலகையில் மலாய், பக்கத்திலேயே சீனம், பள்ளிவாசல் முகப்பில் ஜாவி, எண்ணெய் நிலையத்தில் ஆங்கிலம். தமிழைப் பார்க்க வேண்டுமென்றால் கோவிலுக்குப் போக வேண்டும், தமிழ்ப்பள்ளிக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் பூக்கடை, மளிகைக்கடைப் பக்கம் போக வேண்டும். சுங்கைப் பட்டாணியில் பல ஆண்டுகளாகப் பாலர் பள்ளி நடத்தி வருகிறேன். ஐந்து வயதில் வந்து சேரும் பிள்ளைகள் பலருக்கு ஆங்கில எழுத்துகள் வரும்போதே பழக்கமாக இருக்கின்றன. யாரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததில்லை, தெருவே சொல்லிக் கொடுத்துவிடுகிறது. தமிழுக்கு அந்தத் தெரு கிடையாது.

பலகைகளை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் பலகை இல்லாத இடத்திலும் எழுத்து இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்குக் காட்டும் படப்புத்தகம் ஒன்று நமக்கு வேண்டும். நம் மண்ணிலேயே எடுத்த படங்களோடு வேண்டும்.

ஸ்டீபன் ஜான்சன் என்ற அமெரிக்க ஓவியர் 1995-இல் 'ஆல்ஃபபெட் சிட்டி' என்ற புத்தகத்தை வெளியிட்டார். அதில் கதை கிடையாது. நியூயார்க் தெருக்களை, புகைப்படமோ என்று எண்ணும்படி வரைந்திருக்கிறார். ஒவ்வொரு படத்திலும் ஓர் எழுத்து ஒளிந்திருக்கிறது. போக்குவரத்து விளக்கைப் பக்கவாட்டில் பார்த்தால் 'ஈ' என்னும் ஆங்கில எழுத்து. சாலையை மறிக்க வைக்கும் மரச்சட்டத்தின் கால்கள் 'ஏ'. மறு ஆண்டே அந்தப் புத்தகத்துக்குக் கால்டிகாட் சிறப்பு விருது கிடைத்தது. 1998-இல் எண்களுக்கென்று 'சிட்டி பை நம்பர்ஸ்' வந்தது. இவற்றைப் படித்த பிள்ளை தெருவில் சும்மா நடக்காது, தேடிக்கொண்டே நடக்கும்.

நம்மிடம் என்ன இருக்கிறது? அ என்றால் அம்மா, உ என்றால் உரல், ஒ என்றால் ஒட்டகம் என்று சுவரில் ஒட்டிய அட்டை இருக்கிறது. அதில் தவறில்லை, நானும் அதில்தான் படித்தேன். ஆனால் அது ஒலியைக் கற்றுத் தருகிறதே தவிர வடிவத்தைக் கற்றுத் தருவதில்லை. ஒட்டகத்தின் உடம்பில் எங்கேயும் 'ஒ' இல்லை. வீடமைப்புத் தாமானில் வளரும் பிள்ளை ஒட்டகத்தையும் பார்த்ததில்லை, உரலையும் பார்த்ததில்லை. சென்னையில் தூலிகா பதிப்பகம் 1996 முதல் அருமையான படப்புத்தகங்களைத் தமிழிலும் போட்டு வருகிறது. வாங்குங்கள், பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். ஆனாலும் பால்மரமும் செம்பனையும் அங்கிருந்து வராது. அவை நம் வேலை.

ஜான்சன் செய்ததை அப்படியே நம்மால் செய்ய முடியாது. ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் பாதிக்கு மேல் வெறும் நேர்க்கோடுகள். உத்தரம், பாலம், ஏணி, கம்பி என்று எங்கு பார்த்தாலும் கிடைத்துவிடும். ஜெராய் மலை கூட தூரத்திலிருந்து பார்த்தால் அவர்களுடைய 'ஏ'தான். நம் எழுத்து வளைந்தது. எழுத்தாணியால் நேர்க்கோடு இழுத்தால் ஓலை கிழியும், அதனால்தான் சுழியும் வளைவுமாக ஆனது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆகவே தமிழெழுத்தைத் தேடுகிறவர் வளையும் பொருள்களைத் தேட வேண்டும். செடி, கொடி, கயிறு, கொம்பு, பூச்சரம், முறுக்கு.

கட்டடங்கள் கைவிட்டுவிடும் என்றும் நினைக்க வேண்டாம். லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஓடுகிற சிமென்டு கால்வாயை அதன் முனையில் நின்று பாருங்கள், அச்சடித்த 'ப'. படிக்கட்டின் ஓரம் 'ட'. திடலில் நிற்கும் பந்துக் கம்பம் துணைக்கால். பழைய கடை வரிசையின் முன்னால் இருக்கிற வளைவுகளில் இரண்டைச் சேர்த்துப் பார்த்தால் 'ற' பாதி வந்துவிடும், வாலைத்தான் பிள்ளை விரலால் இழுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒற்றைக்கொம்பு. கால்வாய் ஓரத்தில் தானாக முளைக்கும் பாக்குக் கீரை என்ற பெரணியை மலாய்க்காரர்கள் பறித்துச் சமைப்பார்கள், நம் வீடுகளிலும் சமைப்பதுண்டு. அதன் இளந்தளிர் விரிவதற்கு முன் நேராக எழும்பி, உச்சியில் வளைந்து, உள்ளே சுருண்டு நிற்கும். 'கெ'யில் முன்னால் வருகிற கொம்பு அப்படியே அதுதான். பீடோங் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தபோது ஒரு சிறுமி அந்தத் தளிரின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "டீச்சர், இது தப்பாத் திரும்பிருக்கு" என்றாள். சுருள் வலப்பக்கம் இருந்தது. பிறகு எழுந்து கால்வாயைத் தாண்டி அந்தப் பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள். "இங்கேருந்து பாத்தா சரி!" எழுத்துப் பயிற்சி ஏட்டில் கொம்பை மாற்றிப் போடுகிற எத்தனையோ பிள்ளைகளை எனக்குத் தெரியும். எந்தப் பக்கம் சுழிக்க வேண்டும் என்பது அவளுக்கு அன்றைக்கு உடம்போடு சேர்ந்துவிட்டது.

ஆய்த எழுத்துக்கு நான் எங்கும் அலையவில்லை. ரப்பர்க் காய் மூன்று அறைகள் கொண்டது, அறைக்கு ஒரு கொட்டை. முற்றிய காய் வெயிலில் படீரென்று வெடித்துக் கொட்டைகள் தெறிக்கும். வெடிக்காத காயைக் குறுக்கே அறுத்தால் மூன்று கொட்டைகளும் மேலே ஒன்று, கீழே இரண்டு என்று உட்கார்ந்திருக்கும். ஃ. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கொட்டை தெரியும். பழுப்புப் புள்ளிகளோடு பளபளவென்று இருக்கும். சிமென்டில் தேய்த்துச் சூடாக்கி அடுத்தவன் கையில் வைத்து ஓடியிருப்போம். எங்கள் அம்மா பால் வெட்டினார். காலையில் வாளியும் உளியுமாகத் தீம்பாருக்குப் போன அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்குப் பால்மரம் காரில் போகும்போது தூரத்தில் தெரியும் பச்சை, அவ்வளவுதான்.

எண்களில் சிலவற்றை அந்த மரமே தந்துவிடும். மரத்தில் போட்ட கோடு இடப்பக்க மேலிருந்து வலப்பக்கம் சரிந்து இறங்கி, பிறகு நேர்கீழே ஓடி, பால் பிடிக்கும் மங்கில் சேரும்: சற்றே தலை சாய்ந்த 7. மங்கின் வாய் 0. மரம் 1. அலோர் ஸ்டார் போகும் வழியில் வயலில் கழுத்தை மடக்கி நிற்கும் கொக்கு 2. சமையலறைச் சுவரில் தலைகீழாகத் தொங்கும் அகப்பை 6, திருப்பிப் பிடித்தால் 9.

இதெல்லாம் விளையாட்டு, பிள்ளைகள் எழுதிப் பழகினால் போதும் என்று சொல்லும் பெற்றோர் இருக்கிறார்கள். எழுதிப் பழகத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் முறுக்கிலோ கயிற்றிலோ 'ண' இருக்கிறதா என்று தேடுகிற பிள்ளை, சுழி இரண்டா மூன்றா என்று எண்ணித்தான் ஆக வேண்டும். ஏட்டில் இருபது முறை எழுதுகிற பிள்ளை எண்ணாமலே எழுதிவிடலாம். 247 எழுத்துக்கும் படம் தேட வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். வேண்டியதில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, அவற்றோடு காலும் கொம்பும் விலங்கும் சுழியும் போதும். மற்றவை இவற்றைக் கோத்தால் வருபவை.

செலவும் பெரிதல்ல. கைப்பேசியில் எடுத்த படம் போதும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் மனது வைத்தால் உள்ளூர் அச்சகத்திலேயே அச்சடித்துவிடலாம். படத்தை ஓவியர் எடுக்க வேண்டாம், மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு மாணவர்கள் எடுக்கட்டும். படத்துக்குக் கீழே இரண்டே வரி: என்ன பொருள், எந்த ஊர். அந்த இரண்டு வரியை எழுத அவர்கள் பாட்டியிடம் போய்த்தான் ஆக வேண்டும். மங்கு, கோடு, தீம்பார், ஒட்டுப்பால், பெரட்டு, காண்டா வாளி என்ற சொற்கள் இன்னும் பாட்டிகளிடம் இருக்கின்றன. தோட்டங்கள் துண்டு துண்டாகி, லயங்கள் உடைபட்டு, மக்கள் தாமான்களுக்கு வந்த பிறகு அவற்றைச் சொல்ல வேண்டிய வேலையே பேச்சில் இல்லாமல் போய்விட்டது. பாட்டிகளுக்கு வயதாகிறது. புத்தகம் இந்தப் பள்ளி விடுமுறையிலேயே தொடங்க வேண்டும் என்று நான் அவசரப்படுவதற்குக் காரணம் அதுதான்.

நானும் சக ஆசிரியைகள் சிலரும் சேர்க்கத் தொடங்கிவிட்டோம். கூலிம், பாடாங் செராய், பாலிங் பக்கத்து ஆசிரியர்களும் சேர்ந்துகொண்டால் நல்லது. இ, ஐ, ஞ மூன்றுக்கும் எங்களுக்கு இன்னும் நல்ல படம் அமையவில்லை. வயலிலோ, பசார் மாலாமிலோ, வீட்டுப் பின்கட்டிலோ அவற்றைப் பார்த்தவர்கள் படமெடுத்து, ஊர்ப் பெயரையும் குறித்து, அருகிலுள்ள தமிழ்ப்பள்ளி நூலகத்தில் கொடுத்து வையுங்கள்.