ஜாசினுக்கும் இளவேனில் உண்டு

மார்ச் மாதப் பள்ளி விடுமுறை முடிந்து வகுப்புகள் மீண்டும் தொடங்கும்போது, இடைநிலைப்பள்ளிகளில் ஒரே பேச்சாக இருக்கும். யார் எங்கே போய்வந்தார்கள் என்பதே அந்தப் பேச்சு. மலிவு விலை விமானச் சேவைகள் பெருகிய பின்னர், ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா போன்ற சிறு பட்டணங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சிலவும் ஜப்பானுக்கோ கொரியாவுக்கோ சுற்றுலா சென்று திரும்புகின்றன. செர்ரி மரங்கள் பூக்கும் பருவம் அது. போய்வந்த மாணவரின் கைப்பேசி நிறைய இளஞ்சிவப்புப் பூக்கள். உடன் படிப்பவர்கள் வியந்து பார்க்கிறார்கள். கடைசியில் யாராவது ஒருவர், "நம்ம ஊர்ல என்ன இருக்கு? எப்பப் பார்த்தாலும் ஒரே மாதிரிதான்," என்று சொல்லிவிடுகிறார்.

சுற்றுலா சென்றதில் குறை ஏதும் இல்லை. பிள்ளைகள் உலகத்தைப் பார்க்கட்டும். ஆனால், ஊர் எப்போதும் ஒரே மாதிரி இருக்கிறது என்ற அந்தக் கூற்று உண்மையன்று. மாணவர்கள் ஜப்பானில் பூக்களைப் பார்த்த அதே மாதத்தில், அவர்கள் வீட்டுக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் இன்னொரு பருவ மாற்றம் நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கத்தான் ஆளில்லை.

ரப்பர் மரம் ஆண்டுக்கு ஒருமுறை இலைகளை முழுவதுமாக உதிர்த்துவிடும். மலாக்காவில் ஆண்டின் முதல் இரண்டு மாதங்களில் மழை குறைவு. அந்த வறட்சியில் பச்சை இலைகள் மஞ்சளாகவும் செம்பழுப்பாகவும் மாறிக் கீழே விழும். தரை முழுவதும் சருகு. நடந்தால் சரசரவென்று ஓசை எழும். சில வாரங்களிலேயே மொட்டைக் கிளைகளின் நுனியில் செம்பு நிறத்தில் தளிர்கள் தொங்கத் தொடங்கும். அவை வெளிர்பச்சையாகிப் பிறகு கரும்பச்சையாகும். தளிர்களோடு சின்னஞ்சிறு மஞ்சள் பூக்களும் கொத்துக் கொத்தாக வரும். அவற்றுக்கு இதழ்கள் இல்லை, மணம் உண்டு. செர்ரிப் பூவுக்கு இது ஈடாகுமா என்று கேட்டால், ஆகாது என்பதே நேர்மையான பதில். படம் எடுத்துப் பகிரும் அளவுக்கு அந்தப் பூவில் கவர்ச்சி இல்லை. எனினும், பருவம் என்று சொல்லத்தக்க அத்தனையும் அங்கே நிகழ்கின்றன.

தமிழ் இலக்கணம் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரிக்கிறது. இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும் என்று மாணவர்கள் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகிறார்கள். மலாக்காவோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இரண்டு பாகை அளவில்தான் இருக்கிறது. பனிக்காலமும் இல்லை, பகல்பொழுது பெரிதாகக் கூடுவதோ குறைவதோ இல்லை. ஆகவே, இந்தப் பாடம் நமக்குப் பொருந்தாது என்று மாணவர்கள் நினைப்பது இயல்பே. ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்த முதியவரைக் கேட்டால் வேறு விடை கிடைக்கும். செங் வட்டாரத்துச் சன்னாசிமலை ஆண்டவர் கோவிலில் மாசி மகத் திருவிழா நடக்கும் நாள்களை ஒட்டி மரங்கள் மொட்டையாகும், பங்குனிக்குள் தளிர் வந்துவிடும் என்று அவர் கணக்குச் சொல்வார். பாடநூலில் சித்திரையில் பிறக்கும் இளவேனில், ரப்பர்க் காட்டில் சற்று முந்திக்கொள்கிறது.

அந்த முதியவர் அதை மகிழ்ச்சியோடு சொல்வார் என்று எதிர்பார்க்க வேண்டாம். தளிர் விடும் காலத்தில் மரம் தன் சத்தை இலைக்குக் கொடுக்கிறது, பால் குறைகிறது. நிழல் இல்லாத தோட்டத்தில் வெயில் நேராக இறங்குவதால், வெட்டிய பட்டையில் பால் சீக்கிரமே நின்றுவிடும். விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், தலைவிளக்கோடு நிரையில் இறங்கி, மரத்துக்கு மரம் ஓடி வெட்டினாலும் மங்கு நிறையாது. சில தோட்டங்களில் பால்வெட்டையே சில வாரங்கள் நிறுத்திவைப்பார்கள். லயத்து வீடுகளில் அது கையைக் கடிக்கும் காலம். மளிகைக் கடையில் கணக்கு ஏறும். புல் வெட்டுதல், மருந்து அடித்தல் என்று கிடைத்த வேலையைச் செய்து ஓட்ட வேண்டும். ஆக, பேரப்பிள்ளைகள் இன்று வசந்தம் என்று படம் எடுக்கும் அதே மாதங்களைத் தாத்தா பாட்டி பஞ்ச மாதங்களாகக் கடந்திருக்கிறார்கள். ஒரு பருவத்தை அறிவது என்றால் இந்த இரண்டையும் சேர்த்தே அறிவதாகும்.

மலாக்காவுக்கு இதில் தனி உரிமையும் உண்டு. மலாயாவில் வணிக நோக்கில் முதன்முதலாக ரப்பர் பயிரிடப்பட்டது இங்கேதான். 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். பின்னர் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள். தோட்டந்தோறும் கோவில்களும் தமிழ்ப்பள்ளிகளும் எழுந்தன. 1990ஆம் ஆண்டு வாக்கில் நாட்டில் செம்பனையின் பரப்பளவு ரப்பரை முந்திவிட்டது. செம்பனை இலையுதிர்க்காது. ஆண்டு முழுவதும் ஒரே பச்சை. கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்து நெடுஞ்சாலை வழியாக வீடு திரும்பும் குடும்பம், சிம்பாங் அம்பாட், ஆயர் குரோ, ஜாசின் என்று கடந்து வரும்போது பெரும்பாலும் செம்பனையைத்தான் பார்க்கிறது. ஊர் மாறுவதே இல்லை என்ற எண்ணத்துக்கு அந்தப் பச்சையும் ஒரு காரணமாக இருக்கலாம். எஞ்சிய ரப்பர் மரங்களில் பெரும்பகுதி இன்று சிறு தோட்டக்காரர்களிடம் இருக்கிறது. அவற்றைப் பார்க்க நெடுஞ்சாலையை விட்டு உள்ளே இறங்க வேண்டும்.

பட்டணத்துச் சாலைகளிலும் பார்ப்பதற்கு உண்டு. வறட்சி முடிந்து மழை பெய்ததும் அங்சானா மரங்கள் மஞ்சளாகப் பூத்து, மறுநாளே சாலையில் மஞ்சள் விரித்துவிடும். சங்கப் பாடல்களில் வரும் வேங்கைக்கு நெருங்கிய உறவு இந்த மரம். இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. தெக்கோமா மரங்கள் இளஞ்சிவப்பாகவும் வெள்ளையாகவும் பூக்கின்றன. அவற்றை மக்கள் இப்போது 'மலேசிய சக்குரா' என்று அழைக்கிறார்கள். உள்ளூர்ப் பூவைப் புகழவும் வெளிநாட்டுப் பெயர் தேவைப்படுவது சற்று வேடிக்கைதான்.

ஜப்பானிலிருந்து கற்றுவர வேண்டியது வேறொன்று. தோக்கியோவின் யசுகுனி ஆலயத்தில் குறிப்பிட்ட ஒரு செர்ரி மரம் இருக்கிறது. வானிலை ஆய்வுத் துறையினர் அங்கே நேரில் சென்று, ஐந்தாறு பூக்கள் மலர்ந்திருப்பதை எண்ணிப் பார்த்த பின்னரே தலைநகரில் பூப்பருவம் தொடங்கிவிட்டதாக அறிவிப்பார்கள். அந்த நாட்டின் வசந்தம் உலகப் புகழ் பெற்றதில் மரத்துக்கு இருக்கும் பங்கு, இப்படி நின்று எண்ணும் மனிதருக்கும் இருக்கிறது.

விடுமுறைக்குப் பிறகு 'நான் சென்ற சுற்றுலா' என்று கட்டுரைத் தலைப்பு கொடுக்கும் வழக்கத்தைப் பள்ளிகள் மறுஆய்வு செய்யலாம். அந்தத் தலைப்பைக் கேட்டதும் எங்கும் போகாத மாணவர் தலையைக் குனிந்துகொள்கிறார். வகுப்பில் அவரைப் போன்றவர்களே மிகுதி. 'மார்ச் மாதத்தில் நம் ஊரில் மாறியவை' என்று தலைப்பை மாற்றினால் நிலைமையும் மாறும். ஒசாகாவிலிருந்து திரும்பியவர், வீட்டிலேயே இருந்த நண்பரிடம்தான் செய்தி கேட்க வேண்டும். எந்தத் தோட்டத்தில் தளிர் விட்டது, எந்தச் சாலையில் அங்சானா எந்த நாளில் பூத்தது, அந்த நாளில் மழை பெய்ததா என்பதெல்லாம் ஊரில் இருந்தவருக்கே தெரியும். அவருக்கும் தெரியாவிட்டால், பால்வெட்டிய பாட்டி ஒருவர் பக்கத்து வீட்டில் இருப்பார். கேட்டு எழுதிய தாள்களை ஆண்டுதோறும் பள்ளி நூலகத்தில் சேர்த்துவைத்தால், ஐந்தாறு ஆண்டுகளில் ஜாசினுக்கென்று ஒரு பருவக் குறிப்பேடு உருவாகிவிடும்.

குறிப்பெடுக்கும் வேலை மார்ச்சோடு முடிவதில்லை. அந்தச் சிறு மஞ்சள் பூக்கள் காயாகி முற்றுவதற்கு ஏறத்தாழ ஐந்து மாதங்கள் ஆகும். ஆகஸ்டு, செப்டம்பர் மாத வெயிலில் காய்கள் பட்டென்று வெடித்து விதைகளை நாலாபுறமும் தெறிக்கவிடும். அந்த விதையைச் சிமெண்டுத் தரையில் சூடேறத் தேய்த்துப் பக்கத்தில் இருப்பவர் கையில் வைத்து அலறவிட்ட கதை, தோட்டத்தில் வளர்ந்த எல்லாருக்கும் தெரியும்.