நாதமும் நன்னீரும்

இசை காற்றிலே பிறந்து காற்றிலே ஒடுங்குவது. ஆதலின் அதனால் மண்ணுக்கு யாதொரு கேடுமில்லை என்று நாம் எண்ணியிருக்கின்றோம். இசையைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் சரியானதே. ஆனால், இசை கேட்கக் கூடும் கூட்டத்தை நாம் உபசரிக்கும் முறையும், அக்கூட்டத்தை வியக்க வைப்பதற்கென எழுப்பும் பேரோசையும் வேறு வகையின. அவை விட்டுச் செல்லும் சுவடு மண்ணிலும் நீரிலும் நெடுநாள் நிற்கின்றது. காரைநகர் போன்ற ஒரு சிறு தீவிலே இதனைப் பற்றிப் பேசுவது குடிநீரைப் பற்றிப் பேசுவதேயாகும்.

மார்கழித் திருவாதிரை வந்தால், ஈழத்துச் சிதம்பரம் எனப் போற்றப்படும் திண்ணபுரத்துச் சிவன் கோயிலை நாடி அடியார்கள் பொன்னாலைப் பாலம் கடந்து திரள்வர். கொழும்பிலிருந்தும் கடல் கடந்த நாடுகளிலிருந்தும் ஊர் திரும்புவோரும் உளர். ஊர்க்கோயில் ஒவ்வொன்றுக்கும் அதனதன் திருவிழாக் காலமும், அக்காலத்துக்குரிய மேளக்கச்சேரியும் உண்டு. வானமே கூரையாக, வீதி மணலே ஆசனமாக அமர்ந்து இசை கேட்பது யாழ்ப்பாணத்தவருக்கு வழிவழி வந்த பழக்கம்.

நாதசுரமும் தவிலும் வெளியிடத்துக்கென்றே அமைந்த வாத்தியங்கள். நாலு வீதியும் கேட்கவேண்டும் என்ற நோக்கமே அவற்றின் அமைப்பில் இருக்கின்றது. 1975 இல் மறைந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தியைத் தமிழகமும் தலைமேற் கொண்டு போற்றியது அவரது விரல்களின் கணக்குக்காகவும் நயத்துக்காகவுமேயன்றி, ஓசையின் பருமனுக்காக அன்று.

அன்றும் உபயகாரர்களிடையே போட்டி இருந்தது. ஒரு திருவிழாக்காரர் இரண்டு கூட்டம் மேளம் பிடித்தால் அடுத்தவர் நான்கு கூட்டம் பிடிப்பார். அந்தப் போட்டி கலைஞருக்குச் சோறிட்டது. இன்றைய போட்டியோ மின்பிறப்பாக்கிக்கு எண்ணெய் ஊற்றுகின்றது. ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகளும் வீதி நீளத்துக்கு மின்சோடனையும் எவருடைய உபயத்தில் மிகுதி என்பதே பேச்சாயிற்று. பரவைக்கடலில் வந்து தங்கும் வலசைப் பறவைகளுக்கும், தொட்டிலிற் கிடக்கும் குழந்தைக்கும், நோயாளிக்கும் அவ்விரவுகளில் உறக்கமில்லை.

திருவிழாவுக்கு மறுநாள் விடியலில் எங்கள் தீவின் கோயில் வீதியொன்றில் நான் நடந்ததுண்டு. தண்ணீர்ப் போத்தல்களும் பொலித்தீன் பைகளும் பிளாஸ்ரிக் குவளைகளும் காலை இடறின. மார்கழி மாரிக்காலம் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். வருடம் முழுவதற்கும் வேண்டிய நீரை வானம் நமக்கு அளக்கும் பருவம் அது. வீதியிற் கிடந்தவற்றை அடுத்த மழையே வாரிக்கொண்டு கேணிக்கும் குளத்துக்கும் கடலுக்கும் சேர்த்துவிடும்.

தீவகத்து நன்னீரின் இயல்பைச் சற்றே நோக்குவோம். சுண்ணக்கல்லினூடே இறங்கிய மழைநீர், கீழேயுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய வில்லைபோல் மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் தாங்கும் என்பது நிலத்தடி நீரை ஆய்ந்தோர் கண்ட பொதுக் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உவர் எவ்வளவு ஏறும் என்பதை இதனால் உணரலாம். அன்றியும், சுண்ணக்கல் வெடிப்பு நிறைந்தது. பெருங்கூட்டத்துக்கென அவசரத்தில் வெட்டும் மலசலகூடக் குழியிலிருந்து கிணற்றுக்குக் கழிவு செல்ல அதிக காலம் வேண்டியதில்லை. மின்பிறப்பாக்கியிலிருந்து சிந்தும் எண்ணெயும் அவ்வழியே செல்லும். பவுசர் வரவை நோக்கிக் குடத்துடன் காத்திருந்த ஊருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுமோ?

சட்டம் இல்லாமலில்லை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என்றும், விசேட வைபவங்களுக்கு விலக்களிப்பதாயின் அயலவரின் கருத்தை அறிதல் வேண்டும் என்றும் உயர் நீதிமன்றம் 2007 இல் பணித்தது. விழாக்களிற் பொலித்தீன் அலங்காரம் 2017 இலே தடைசெய்யப்பட்டது. பிளாஸ்ரிக் தட்டும் கரண்டியும் பூமாலையும் 2023 ஒக்ரோபரில் அத்தடைக்குள் வந்தன. எனினும், காவலர் வந்து காக்கும் ஒழுக்கத்திலும் ஊரார் தாமே காக்கும் ஒழுக்கம் உறுதியானது.

இங்கிலாந்தின் கிளாஸ்ரன்பரிப் பெருவிழாவிலே 2019 இல் பிளாஸ்ரிக் போத்தல் நீர் விற்பனையை நிறுத்தினர். வந்தவர் தம் கலத்தில் நீர் நிரப்பிக்கொள்ளக் குழாய்கள் வைத்தனர். உலகம் இதனைப் புதுமை என வியந்தது. நமக்கோ இது தண்ணீர்ப்பந்தல்! மண்பானையும் செம்பும் வைத்து, மோரும் சர்க்கரைத் தண்ணீரும் வார்த்த கைகள் நம்முடையவை. வாழையிலை கிடையாத இடத்திற் பனையோலையைத் தட்டுவமாகக் கோலி உணவிட்டவரும் நம் முன்னோரே. இன்றும் பனை தலைநிமிர்ந்து நிற்க, நாம் பிளாஸ்ரிக் தட்டைத் தேடுகின்றோம்.

‘ஆண்டுக்கு ஒருமுறை; அதிலும் சிக்கனமா?’ என்பர் சிலர். ஊரில் எத்தனை கோயில்கள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை திருவிழாக்கள் என்று எண்ணினால் அவ்வாதம் நில்லாது. ‘பின்னால் இருப்போர்க்குக் கேட்க வேண்டாமா?’ என்பதில் நியாயமுண்டு. அதற்குக் கூட்டத்தை நோக்கித் திருப்பிய சிறு ஒலிபெருக்கிகள் சில போதும். அடுத்த ஊரை எழுப்புவன வேண்டியதில்லை.

உபயகாரர்க்கு ஒரு வேண்டுகோள் விடுப்பேன். போட்டியை விட வேண்டாம். போட்டியின் பொருளை மாற்றுங்கள். எவருடைய திருவிழாவில் நல்ல வித்துவான் வாசித்தார், எவருடைய திருவிழாவுக்கு மறுநாள் வீதி கூட்டப்பட்டுக் கிடந்தது, எவர் பேருந்து ஒழுங்குசெய்து தனித்தனி வாகனங்களைக் குறைத்தார் என்பன ஊர்ப்பேச்சு ஆகட்டும். பரிபாலன சபைகள் வரவு செலவுக் கணக்கோடு குப்பைக் கணக்கையும் சபையில் வாசிக்கட்டும்.

2011 மார்ச்சில் யாழ்ப்பாண நகரிலே திறந்தவெளி இசைவிழா நடந்தது. நாளை கசூரினாக் கடற்கரையிலும் அத்தகைய விழா எடுக்க எவரேனும் முன்வரலாம். வரவேற்போம். ஆயினும், சவுக்கு மரங்களுக்கும் ஆழமில்லாத அக்கடலுக்கும் உரிய மதிப்பைக் கொடுப்பவர்க்கே அக்கரை திறக்கப்படல் வேண்டும். இசை முடிந்தபின் செவியில் நாதம் எஞ்சலாம்; கிணற்றிலே நஞ்சு எஞ்சலாகாது.