ஆகாயம் எவருடைய சொத்து?

"பொழுதுபோக்கிலே அரசியலைப் புகுத்தாதீர்கள்" என்பது நமது படித்த வட்டாரங்களில் அடிக்கடி கேட்கும் அறிவுரை. அண்மையில் நாமும் அதனைப் பெற்றோம். நீர்வேலியிலே நாம் கற்பிக்கும் வகுப்பில் ஒரு மாணவன், மேல்நாட்டிலே பழைய இலகு விமானங்களின் சொந்தக்காரர்கள் ஆண்டுதோறும் பறந்துவந்து கூடும் விழாவின் படங்களைக் கொண்டுவந்தான். படங்கள் ஆசிரியர் ஓய்வறைக்கும் வந்தன. இப்படியொரு விழா பலாலியிலே நடந்தால் உல்லாசப் பயணிகள் வருவார்கள், பிரதேசம் செழிக்கும் என்றார் நண்பர் ஒருவர். "எவருடைய காணியிலே?" என்று கேட்டோம். அதற்குக் கிடைத்த விடையே மேற்சொன்ன அறிவுரை. அந்த நண்பருக்கும் அவரைப் போல எண்ணுகின்ற பலருக்கும் மறுமொழியாகவே இதனை எழுதுகிறோம்.

அந்த விழா எத்தகையது என்பதை முதலில் நேர்மையாகச் சொல்லிவிடுவோம். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலே ஒஷ்கொஷ் என்ற நகரில், ஒவ்வோர் ஆண்டும் யூலை மாத இறுதியில் ஏறத்தாழப் பத்தாயிரம் விமானங்கள் வந்திறங்குகின்றன. 1953 இல் மில்வோக்கியிலே சிறு கூட்டமாகத் தொடங்கி, 1970 இல் ஒஷ்கொஷுக்கு இடம் மாறிய விழா இது. பழைய விமானங்களுக்கு அங்கே தனி வரிசை உண்டு. 1945 ஆகஸ்ட் முடியுமுன் கட்டப்பட்டவை ஒரு வகுப்பு. அதன் பின்னர் 1955 வரை கட்டப்பட்டவை இன்னொரு வகுப்பு. 1970 வரை உள்ளவை மூன்றாவது. சொந்தக்காரர் தாமே ஓட்டிவந்து, இறக்கையின் கீழேயே கூடாரமடித்துத் தங்குவர். நடுவர்கள் தையலையும் ஆணியையும் உற்றுநோக்கிப் பரிசு வழங்குவர்.

இதனைத் தொடக்கிவைத்தவர்கள் பிரபுக்கள் அல்லர். போல் பொபெரெஸ்னி என்பவரும், தம் விமானத்தைத் தாமே கட்டிக்கொள்ள விரும்பிய சிலரும் சேர்ந்து அமைத்த சங்கத்தின் விழாவே அது. அவர்களுடைய கைத்திறனை நாம் இகழமாட்டோம். மரமும் உருக்குக் குழாயும் துணியும் கொண்டு அமைந்து, 1931 இல் முதன்முதல் பறந்த ரைகர் மொத் விமானத்தை இன்றும் பறக்கவைப்பது சாமானியமான காரியமன்று. பழைய யந்திரத்தின் அருமையை யாழ்ப்பாணத்தானுக்கு எவரும் கற்பிக்கவும் தேவையில்லை. ஒஸ்ரின் கார்களையும் மொறிஸ் மைனர்களையும் தலைமுறை தலைமுறையாக ஓடவைத்தவர்கள் நாம். பொருளாதாரத் தடைக் காலத்திலே மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட்டி, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்கள் நாம். உழைக்கும் கையின் நுட்பத்தை மதியாதவன் முற்போக்காளன் ஆகமாட்டான்.

ஆயினும் நமது குற்றச்சாட்டு வேறிடத்தில் இருக்கிறது. பழைய விமானம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பறப்புக் குறிப்பேடு உண்டு. எத்தனை மணி நேரம் பறந்தது, எந்த உறுப்பு எப்போது மாற்றப்பட்டது என்பனவெல்லாம் அதிலே பதியப்பட்டிருக்கும். சொந்தக்காரர்கள் அதனைத் தங்கம்போலக் காப்பார்கள். விமானத்துக்கு நேர்ந்த ஒவ்வொரு காயமும் அந்த ஏட்டிலே இருக்கிறது. விமானத்தால் மனிதருக்கு நேர்ந்த காயம் எந்த ஏட்டிலே இருக்கிறது?

இங்கிலாந்தைப் பாருங்கள். 1975 இல் அமைந்த டி ஹாவிலண்ட் மொத் கழகம் பல ஆண்டுகளாகத் தன் விழாவை வோபேர்ன் அபே என்ற பிரபு மாளிகையின் புல்வெளியிலே நடத்தியது. அந்த மாளிகையின் சீமாட்டி அறுபது வயதுக்குப் பின்னர் பறக்கத் தொடங்கி, 1937 இல் தமது மொத் விமானத்தோடு கடலிலே மறைந்தார். அவருடைய துணிவை அவ்வூரார் போற்றட்டும். ஆனால் அவர் வானிலே மகிழ்ந்து திரிந்த காலத்திலும் அதற்குச் சற்று முன்னரும், அதே சாம்ராச்சியத்தின் விமானங்கள் வேறு வானங்களிலே என்ன செய்துகொண்டிருந்தன? 1919 ஏப்ரல் 14 ஆம் தேதி, ஜாலியன்வாலா பாக் படுகொலைக்கு மறுநாள், பஞ்சாபின் குஜ்ரன்வாலாவிலே மக்கள்மீது விமானத்திலிருந்து குண்டுகள் வீசப்பட்டன. 1920களிலே ஈராக்கின் கிராமங்களை அடக்கிவைக்கும் பொறுப்பு விமானப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. தரைப்படையைவிட அது செலவு குறைந்த வழியாம்! அங்கே குண்டு பொழிந்த விமானங்களிலே டி ஹாவிலண்ட் வடிவமைத்தவையும் இருந்தன. ஆண்டான் வீட்டுப் புல்வெளியில் விளையாட்டுப் பொருள். அடிமை வீட்டுக் கூரைமேல் ஆயுதம். சாம்ராச்சியத்துக்கு இவ்விரண்டும் வேண்டியிருந்தன.

இலங்கையின் வானமும் முதலில் அன்பாகவே திறந்தது. 1935 நவம்பரிலே இரத்மலானையில் முதன்முதலாக இறங்கியது, சென்னைப் பறப்புக் கழகத்தின் பயிற்சியாளர் ஓட்டிவந்த பஸ் மொத் என்னும் சின்னஞ்சிறு விமானம். இரண்டாம் உலகப் போரிலே பிரித்தானிய விமானப் படை பலாலியில் ஓடுபாதை அமைத்தது. 1947 டிசம்பர் 10 ஆம் தேதி எயார் சிலோனின் முதற் பயணம், இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகச் சென்னைக்கு நடந்தது. அடிமைக் காலத்துப் போர்க்களம் ஒன்று மக்களின் வாசலாக மாறியது என்று நம் முன்னோர் மகிழ்ந்திருப்பர்.

அந்த வாசல் மீண்டும் எவ்வாறு அடைக்கப்பட்டது என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. ஆனால் ஒன்றை மட்டும் பழைய விமான அன்பர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். இத்தாலியரான ஸ்தேலியோ பிராத்தி வடிவமைத்து, 1964 இல் முதன்முதல் பறந்த எஸ்.எவ்.260 என்னும் சியாய் மார்க்கெற்றி ஓர் இலகு விமானம். பயிற்சிக்கும் வானசாகசத்துக்கும் பெயர்பெற்றது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இன்று தனியார் பலர் அதனைச் செல்லமாக வைத்திருக்கிறார்கள். அதே இனத்து விமானத்தை 1980களின் நடுப்பகுதியில் இலங்கை அரசு வாங்கிக் குண்டு பூட்டியது. அதனை நம் மக்கள் 'சியாமாசெட்டி' என்றார்கள். வேவு பார்த்ததைக் 'கோள்மூட்டி' என்றார்கள். மெல்ல ஊர்ந்துவந்து குண்டு கொட்டியதைச் 'சகடை' என்றார்கள். பிற்காலத்து ஆளில்லா விமானத்தை 'வண்டு' என்றார்கள். எந்த அகராதியிலும் ஏறாத இச்சொற்களே நம் ஊரின் பறப்புக் குறிப்பேடு. 1995 யூலையில் நவாலித் தேவாலயத்திலே தஞ்சமடைந்திருந்தவர்கள் மாண்டார்கள். அதே ஆண்டு செப்டெம்பர் 22 இல் நாகர்கோவிற் பாடசாலையின் பிள்ளைகள் மாண்டார்கள். நமது தலைமுறை எழுத்தைப் படிக்குமுன் இரைச்சலைப் படித்தது. சத்தத்தைக் கொண்டே விமானத்தின் பெயரைச் சொல்லிப் பதுங்குகுழிக்கு ஓடிய பிள்ளைகள் இன்று கரும்பலகை முன் நிற்கிறார்கள்.

"யந்திரம் என்ன செய்யும்? அது நிரபராதி அல்லவா?" என்று கேட்பார்கள். ஆம், நிரபராதிதான். 1987 யூன் 4 ஆம் தேதி இந்தியாவின் ஐந்து ஏ.என்.32 விமானங்கள் யாழ்ப்பாணத்தின்மேல் உணவுப் பொதிகளைப் போட்டன. அரசியல் கணக்கு எதுவாயினும், அன்று வானிலிருந்து விழுந்தது அரிசி. யந்திரத்தின் குணம் அதனை ஏவுகின்றவனின் நோக்கத்திலே இருக்கிறது என்பதையே நாமும் சொல்கிறோம். இந்த உரைகல்லில் நம்மவரையும் உரசிப் பார்க்க நாம் அஞ்சவில்லை. 2007 மார்ச்சிலே கட்டுநாயக்காவின்மேல் பறந்த புலிகளின் ஸ்லின் விமானம், செக் நாட்டவர் பறக்கப் பழகுவதற்கென்று செய்த இலகு விமானமே. அன்று இங்கே கைதட்டியவர்கள் உண்டு. 2009 பெப்ரவரியிலே அத்தகைய விமானம் கொழும்பின் இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதியது. கீழே இருந்தவனுக்கு வானிலிருந்து வருவது எவருடைய கொடி என்பது ஆறுதலாகுமா? வானத்தின் பயத்தை அறிந்த நாம், பிறருக்கு அந்தப் பயம் நேர்ந்தபோது மகிழ்ந்தது நமது தோல்வி. அதனையும் குறிப்பேட்டிலே எழுதத்தான் வேண்டும்.

இனி பலாலிக்கு வருவோம். ஒஷ்கொஷிலே கூடுவோர் தம் பழம்பொருளின் சொந்தக்காரர்கள். நம்மிடையேயும் பழம்பொருளின் சொந்தக்காரர்கள் கூடுவதுண்டு. அவர்களிடமிருப்பது விமானமன்று, நிறம் மங்கி, மடிப்பிலே கிழிந்த காணி உறுதி. 1990 இலே வலிகாமம் வடக்கிலிருந்து துரத்தப்பட்டவர்கள் அவர்கள். நலன்புரி முகாம்களிலே பிள்ளை பெற்று, அங்கேயே பேரப்பிள்ளையையும் கண்டவர்கள். போர் முடிந்து நான்கு ஆண்டுகள் கழிந்தபின், 2013 இல், 6,381 ஏக்கர் காணியைப் படைத் தேவைக்குச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டது. மக்கள் வீதிக்கு வந்தார்கள், நீதிமன்றத்துக்குப் போனார்கள். பின்னர் துண்டு துண்டாகக் காணிகள் விடப்பட்டன. 2017 யூலையிலே மயிலிட்டித் துறைமுகம் திரும்பியது. இந்தப் போராட்டத்தின் பயனே அது. எவருடைய பெருந்தன்மையும் அன்று.

2019 அக்டோபரிலே பலாலி, சர்வதேச விமான நிலையம் என்று பெயர் பெற்றது. சென்னைக்கு விமானம் பறந்தது; கொள்ளைநோய்க் காலத்திலே நின்று, 2022 டிசம்பரிலே மீண்டும் தொடங்கியது. நாம் அதனை வரவேற்கிறோம். ஆனால் ஓடுபாதையைச் சுற்றிய வளமான செம்மண்ணில் இன்னும் பெரும் பகுதி கம்பிவேலிக்குள்ளே கிடக்கிறது. 2025 ஏப்ரலிலே வசாவிளான் ஊடாகச் செல்லும் பலாலி வீதி முப்பத்தைந்து ஆண்டுகளின் பின்னர் திறக்கப்பட்டபோதும், இடையிலே நிறுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் திறக்கப்பட்டது. அந்நியன் மேலே பறந்து பார்க்கலாம். பிறந்தவன் தன் வீட்டுப் படலையடியில் இறங்கி நிற்கக்கூடாது! இந்த நிலத்திலே பழைய விமானங்களுக்கு விழா எடுப்பதா? கிணறு தூர்ந்து, வீடு தரைமட்டமாகிக் கிடக்கிற மண்ணிலே எந்தப் பழமையை நாம் மெருகிட்டுக் காட்டப் போகிறோம்?

இது தொழில்நுட்பத்தின்மேல் நமக்குள்ள வெறுப்பு என்று எவரும் திரித்துவிட வேண்டாம். தைப்பொங்கல் நாளிலே வல்வெட்டித்துறைக் கடற்கரைக்குச் சென்று பார்த்தால் நம் பிள்ளைகள் வானத்தை எவ்வளவு நேசிக்கிறார்கள் என்பது தெரியும். மூங்கிலும் கடதாசியும் நூலும் கொண்டு அவர்கள் ஏற்றும் விசித்திரப் பட்டங்களிலே விமானவியலின் அரிச்சுவடி இருக்கிறது. பறக்கும் கலை அவர்களுக்கும் உரியது. அந்தக் கைகளுக்கு ஒரு பயிற்சிக் கூடமும் ஓர் உண்மை விமானமும் கிடைக்கவேண்டும் என்றே நாம் கேட்கிறோம். ஆனால் காணி முதலில், களியாட்டம் பிறகு. உறுதிக்காரனுக்கு மண் திரும்பட்டும். நாகர்கோவிற் பிள்ளைகளின் கதையும் ரைகர் மொத்தின் கதையும் ஒரே வகுப்பறையிலே கற்பிக்கப்படட்டும். அதன்பின் உலகத்துப் பழைய விமானங்கள் எல்லாம் பலாலிக்கு வந்து இறங்கட்டும். நாமே மாணவர்களை அழைத்துச் செல்வோம்.

ஆசிரியத் தோழர்களே, இதிலே நமக்கும் ஒரு கடமை உண்டு. படம் கொண்டுவந்த மாணவன் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டான்: "ஐயா, சத்தம் கேட்டா எங்கட அப்பாச்சி இப்பவும் ஏன் உள்ளுக்கு ஓடுறா?" அவனுக்கு விமானம் வியப்பு, அவளுக்கு அது மரணம். பேரனின் வியப்பைக் கொல்லாமலும், அப்பாச்சியின் நினைவை மறைக்காமலும் விடைசொல்ல வேண்டியவர்கள் நாம். பொழுதுபோக்கிலே அரசியலை நாம் புகுத்தவில்லை. அது எப்போதோ அங்கே வந்து குடியிருக்கிறது. பிள்ளைகளுக்கு அதனைச் சுட்டிக்காட்டாவிட்டால் நாம் கற்பிப்பது பாதிப் பாடமே.