கறுத்த மேனி குற்றமா?

கம்மாபுரம் வட்டாரத்தில் நாற்று நடும் மாதரையும், விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் வேகும் தொழிலாளியையும் தொலைக்காட்சி விளம்பரத்தில் காண முடிகிறதா? சோப்பானாலும் தேயிலையானாலும் திரையில் சிரிப்பது பெரும்பாலும் வெளுத்த முகமே. மும்பையில் பிடித்த படத்துக்குத் தமிழ்க் குரலை ஒட்டி அனுப்புகிறார்கள். வாங்குவோர் நம் ஜனங்கள். காசு நம் காசு. முகம் மட்டும் நம்முடையதல்ல!

கறுத்த முகம் வருவதே இல்லையா? வருகிறது. களிம்பு பூசுவதற்கு முன்னால், வேலையும் வரனும் கிடைக்காமல் கண் கலங்கும் பெண்ணாக வருகிறது!

1975-ல் இந்துஸ்தான் லீவர் கம்பெனி 'ஃபேர் அண்ட் லவ்லி'யைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மகன் இல்லையே என்று தகப்பன் ஏங்க, மகள் களிம்பு பூசி வெளுத்து விமானப் பணிப்பெண் ஆவதாக ஒரு விளம்பரம் வந்தது. பெண்ணையும் நிறத்தையும் ஒருசேர இழிவுபடுத்திய இந்த விஷத்தை எதிர்த்து அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் இயக்கம் நடத்தியது. 2003-ல் கம்பெனி பணிந்தது, விளம்பரம் நின்றது.

2020-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற நீக்ரோ இனத்தவர் போலீசாரால் கொல்லப்பட்டு, உலகெங்கும் மக்கள் வீதிக்கு வந்தனர். அதன் பிறகே 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. பெயர் மாறியது; சரக்கும் இலாபமும் மாறவில்லை.

இந்த ஆசையைக் கம்பெனி மட்டுமே படைத்ததா? இல்லை. 'சிவந்த மணமகள் தேவை' என்று கேட்கும் சமூகம் ஏற்கெனவே இருந்தது. வெயிலில் உழைப்பவரை இழிவாகவும் நிழலில் அமர்ந்திருப்பவரை உயர்வாகவும் கருதும் பழைய புத்தி அது. முதலாளி அந்தப் புண்ணைக் கீறிக் காசு பறிக்கிறான். 'சிவப்பழகு' என்று அதற்குத் தமிழ்ப் பெயரும் சூட்டினான்!

சட்டம் இல்லாமல் இல்லை. இனத்தையோ சாதியையோ நிறத்தையோ இழிவுபடுத்தும் விளம்பரம் கூடாது என்று 1994-ம் வருடத்திய கேபிள் தொலைக்காட்சி விதிகள் கூறுகின்றன. 2014-ல் விளம்பரத் தரக் கட்டுப்பாட்டு மன்றமும் நிறத்தை வைத்துத் தாழ்த்தக் கூடாதென நெறி வகுத்தது. ஆனால் அம்மன்றம் விளம்பரத் தொழிலினர் தாமே அமைத்துக்கொண்டது. வேலிக்குக் காவல் யார்?

சர்க்கார் தன் விதியைத் தானே அமல் நடத்த வேண்டும். தமிழ் மக்களிடம் விற்க வருவோர் தமிழ் மக்களின் முகத்தையும் மதிப்போடு காட்ட வேண்டும். மாதர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் வாலிபர்களும் இழிவான விளம்பரங்களைக் கண்டவுடன் புகார் எழுத வேண்டும். ஊர்க் கூட்டங்களில் அம்பலப்படுத்த வேண்டும். 2003-ன் வெற்றி தானமாகக் கிடைத்ததல்ல, போராடிப் பெற்றது. வெயிலில் கறுத்த மேனிக்கு வெட்கம் ஏன்? அதை இழிவுபடுத்தி இலாபம் தேடுவோரே வெட்கப்படட்டும்!