படுக்கையருகே ஒரு சாட்சி

விருதுநகர், மதுரை முதலிய தென்மாவட்டத்துச் சில கிராமங்களில், படுத்த படுக்கையாகிவிட்ட வயோதிகரை விடியற்காலையில் எழுப்பித் தலை நிறைய எண்ணெய் தேய்த்து, குளிர்ந்த நீரில் முழுக்காட்டி, இளநீரை அளவின்றிப் புகட்டி, ஓரிரு தினங்களில் பிராணன் போகும்படி செய்யும் தலைக்கூத்தல் என்னும் வழக்கம், 2010-ஆம் ஆண்டில் முதியவர் ஒருவர் வீட்டார் பேசிக்கொண்டதைக் கேட்டுத் தப்பியோடிய பிறகுதான் வெளியுலகத்தின் கவனத்துக்கு வந்தது.

இதைக் கருணைக் கொலை பற்றிய விவாதத்தோடு சேர்த்துப் பேசுவோரின் அபிப்பிராயம் எனக்கு உடன்பாடானதன்று. 2018 மார்ச் 9-இல் உச்சநீதிமன்றம் அங்கீகரித்ததெல்லாம், குணமடைய வழியில்லாத நோயாளி சுயபுத்தியோடு முன்னரே எழுதிவைத்த விருப்பத்தின்படியோ, அது இல்லாதவிடத்தோ, மருத்துவக் குழுக்களின் பரிசீலனைக்குப் பின்னர் உயிரைப் பிடித்துவைத்திருக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்வதை மட்டுமே. மருந்து செலுத்தி மாய்ப்பதற்கு இன்றும் அனுமதியில்லை. தலைக்கூத்தலிலோ, ஊர் முழுவதும் ஜாடைமாடையாக அறிந்திருக்கும் சேதியில், படுக்கையில் கிடப்பவரின் சம்மதத்தை மட்டும் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை.

சட்டத்தின்படி இது கொலை; ஆனால் வழக்கு எழுவது அபூர்வம். எண்பதைத் தாண்டியவர் இறந்தால் அதைக் கல்யாணச் சாவு என்று கொட்டுமேளத்தோடு எடுத்துவிடும் ஊரில், காரணம் கேட்பவர் யார்? அதற்காக, அந்த வீட்டாரையெல்லாம் ராட்சசர்கள் என்று சொல்லிவிடவும் மனம் துணியவில்லை. முதுகுப் புண்ணைக் கழுவி, மலஜலம் எடுத்து, இரவெல்லாம் முனகல் கேட்டுக் கண் விழித்துவிட்டு, விடிந்ததும் தீப்பெட்டி ஆபீசுக்கு ஓடவேண்டிய மருமகளுக்கு, ஒருநாள் நின்றால் ஒருநாள் கூலி போயிற்று. 2023-இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட முதியோர் உதவித்தொகையைக் கொண்டு வைத்தியம் பார்ப்பதா, கஞ்சிக்கு வழி தேடுவதா?

இந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்ள வழி உண்டு. கேரளம் 2008-லேயே நோய் ஆதரவுச் சேவைக்கென ஒரு கொள்கையை வகுத்து, உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பில் செவிலியரை வீடுதேடி அனுப்பத் தொடங்கிற்று. வலி தணிக்கும் மார்பினை மருத்துவமனைகள் எளிதில் பெறும்படி போதைப்பொருள் சட்டமும் 2014-இல் திருத்தப்பட்டது. நம் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் 2021 முதல் இச்சேவை அடங்கியிருக்கிறது. இச்சேவையை வெறும் உபகாரமாகக் கருதுவதுதான் பிசகு. வாரந்தோறும் ஒரு செவிலியர் வந்து புண்ணுக்கு மருந்திட்டு, குரல் கொடுத்து, நாடி பார்த்துவிட்டுப் போகிற வீட்டில், வயோதிகரை ஒருவருமறியாமல் தீர்த்துக்கட்டுவது சுலபமன்று. செவிலியரின் வருகை நோயாளிக்குச் சிகிச்சை, மருமகளுக்கு ஒத்தாசை, கிராமத்துக்கு ஒரு சாட்சி. செவிலியரை ஒற்றராக்குவதா என்று கேட்பவர்கள், பச்சிளங்குழந்தைகளின் கணக்கை வீடுவீடாக எடுக்கும் கிராம சுகாதாரச் செவிலியரை எவரும் ஒற்றர் என்று சொன்னதில்லை என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். அதேபோல், படுக்கையில் கிடக்கும் வயோதிகரின் பெயர்ப்பட்டியல் ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்கவும், அப்பட்டியலில் ஒரு பெயர் அடிக்கப்படுமுன் ஒரு மருத்துவர் நேரில் சென்று பார்க்கவும் உத்தரவு பிறப்பிக்க, புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.