வெண்காரம் பற்றியும் கேட்க வேண்டும்

2016 ஜூலையில் ஹெல்த் கனடா ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டது: பிள்ளைகளின் ஸ்லைம், விளையாட்டுக் களிமண், பூச்சி மருந்து ஆகியவற்றை வீட்டில் செய்யும்போது போரிக் அமிலம் சேர்க்க வேண்டாம். உணவிலும் தண்ணீரிலும் இருந்து போரன் எப்படியும் உடலுக்குள் போகிறது. அதற்கு மேலும் கூடினால் இனப்பெருக்கமும் கருவின் வளர்ச்சியும் பாதிக்கப்படலாம் என்பது காரணம்.

ஸ்காபரோவில் தமிழ்க் குடும்பங்களுக்கு மருந்து கொடுக்கும் மருந்தாளருக்கு ஸ்லைமைவிடக் கிட்டிய கவலை ஒன்று உண்டு. வெண்காரமும் (borax) போரிக் அமிலத்தைப் போல ஒரு போரன் சேர்மம்தான். பொன் பற்றவைக்கும்போது உலோக ஆக்சைடைக் கரைத்து அகற்றும் அதே வெண்காரத்தை, பொரித்துத் தேனில் குழைத்துக் கைக்குழந்தையின் வாய்ப்புண்ணில் தடவுவது பழைய கைவைத்தியம். பொரித்தால் சுத்தியாகிவிடும், பயமில்லை என்று பெரியவர்கள் நம்புகிறார்கள். வேதியியல் வேறு கணக்குச் சொல்கிறது. வெண்காரத்தின் எடையில் ஏறத்தாழ 47 வீதம் படிகநீர். சூட்டில் அது பொங்கி வெளுக்கும்போது வெளியேறுவது அந்த நீர்தான். போரன் அப்படியே தங்கிவிடும். முழுவதும் உலர்ந்த தூளில், கிராமுக்குக் கிராம் போரன் 11.3 வீதத்திலிருந்து 21.5 வீதமாக ஏறிவிடுகிறது.

1983இல் பிரிட்டிஷ் குழந்தை மருத்துவ இதழொன்றில் வந்த அறிக்கை இங்கே நினைவுக்கு வர வேண்டும். தேனும் வெண்காரமும் கலந்த மருந்தைச் சூப்பியில் தோய்த்து வாரக்கணக்கில் கொடுக்கப்பட்ட 7 குழந்தைகளுக்கு வலிப்பு வந்தது.

விழுங்கிய போரேற்று (வெண்காரம், போரிக் அமிலம் போன்ற போரன் சேர்மம்) கிட்டத்தட்ட முழுவதும் உறிஞ்சப்படுகிறது. காயமில்லாத தோல் அதை அதிகம் உள்ளே விடாது. புண்பட்ட தோல் விட்டுவிடும். உடலில் சிதையாமல் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், சிறுநீரகம் முதிராத சிசுவுக்கு ஆபத்து அதிகம்.

இதற்காகப் போரேற்றையே ஒதுக்கிவிட முடியாது. கண்சொட்டு மருந்துகளிலும் கொன்டாக்ட் லென்ஸ் திரவங்களிலும் அமில-காரத் தன்மையைச் (pH) சீராக வைத்திருப்பது அதுதான். மற்ற மருந்துகளுக்கு அடங்காத யோனிப் பூஞ்சைத் தொற்றுக்கு 600 மி.கி. போரிக் அமிலக் கூட்டுக்குளிகையும் தரப்படுகிறது. அது விழுங்குவதற்கல்ல, கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. இந்த இரண்டு எச்சரிக்கைகளையும் குளிகையைக் கொடுக்கும்போதே தமிழில் வாயால் சொல்லிவிட வேண்டும்.

குழந்தைக்கு வாய்ப்புண் மருந்து கேட்டு வரும் தாயிடம், “வீட்டில ஏதும் பூசினனீங்களோ? வெண்காரம், தேன்?” என்று கேட்பது ஒரு நிமிட வேலை. ஒரு வயதுக்குள் தேனே கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். பூசியிருந்தால், ரொறன்ரோ சிக்கிட்ஸ் மருத்துவமனையில் இயங்கும் ஒன்ராறியோ நச்சு மையத்துக்கு உடனே அழைக்க வேண்டும். குழந்தைக்கு வலிப்பு வந்தால் 911.